அப்பத்தா சாறு

பால் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு ராமுத்தாய் அடுப்படிக்குப் போனாள். புருஷன் சீனிச்சாமியின் வாயில் ஊற்றிய பாலெல்லாம் கடைவாய் வழியே தலையணைக்குத்தான் போயிற்று. போகாமல் என்ன செய்யும்? பாலைக் கண்டாலே முகம் சுளிக்கிற மனுஷன். நேற்று அவர் வாய் திறந்து கேட்டது எலும்புச் சாறு ஒன்றுதான்.

"சாகக் கெடக்குறவனுக்குக் கவுச்சி ஊத்துவியாக்கும்?" குரங்கணியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியிருந்த நாத்தனார் ஜக்கம்மாள் வழியை மறித்தாள். "அதுவும் எங்க அப்பத்தா சாறு. ஒனக்கு என்ன தெரியும்?"

அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்கு மட்டுந்தான் அப்பத்தா பக்குவம் சொன்னாள். வந்த மருமகள் வைத்ததை ஜக்கம்மாள் இதுவரை நாக்கில் வைத்ததில்லை.

"தள்ளுங்க மதினி. அவரு போறதுக்குள்ள எறக்கணும்."

வெந்த எலும்பில் கொள்ளுத் தண்ணீரை ஊற்றினாள். மிளகை வறுக்காமல் தட்டிப் போட்டு, கொதி வந்ததும் பச்சை ஏலக்காய் இரண்டைக் கீறிப்போட்டு மூடினாள். சங்கில் எடுத்து ஆற்றி அவர் வாயில் விட்டாள்.

தொண்டை அசைந்தது. ஜக்கம்மாளும் பார்த்தாள். இரண்டாவது சங்கும் இறங்கியது. மூன்றாவது வாயிலேயே நின்றுவிட்டது.

அழுகைச் சத்தம் தெருவுக்குக் கேட்டது. ஆனாலும் சீனிச்சாமி ஆசைப்பட்டதைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, ஆக்கியது எதுவும் இருக்கக்கூடாது. ஜக்கம்மாள் அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். சோற்றையும் குழம்பையும் கொண்டுபோய்க் கொட்டினாள். கடைசியாகச் சாற்றுச் சட்டியைத் தூக்கியவள் நின்று, உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்கிப் பார்த்தாள். இன்னொரு தரமும் பார்த்தாள்.

"கொள்ளுத் தண்ணிய ஒனக்கு யாரு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல மதினி. ஒங்க கையால குடிச்சுத்தான் கண்டுக்கிட்டேன்."

ஜக்கம்மாள் முந்தானையால் சட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மலைக்குச் சேதி சொல்லக் கிளம்பிய ஜீப்புக்காரன் மொக்கையனை நிறுத்தினாள்.

"இதக் கொண்டு போயி, தம்பிகூட மலையில ஏலக்கா காயவைக்கிற ஸ்டோர்ல வேல பாத்துக் கெடந்தவங்களுக்கு ஊத்து. கொட்ட மனசு வரல."

"ஆரு வச்சதுக்கா?"

"எங்க வீட்டுப் பொம்பள வச்சது. வெரசாப் போ, ஆறிரும்."

ஜீப்பு கிளம்பியது. ஜன்னலில் இருந்த பாலில் ஆடை கட்டியிருந்தது.