மூடிய கூட்டம்

“சட்டத்துல அந்த வரிய எடுத்துப் போடலாம்னு கேட்டப்ப உந்தம்பி மாப்ள கை தூக்குனாப்லயா, இல்லியா? அத மட்டும் கேட்டுச் சொல்லு புள்ள.”

“கேக்கறனுங்க. சென்னையில இருந்து வரட்டும்.”

“போன மாசமும் இதத்தான் சொன்னே.”

“இப்ப அதத் தெரிஞ்சு என்னங்க பண்ணப் போறீங்க? டயாலிசிஸ் முடிச்சு வந்திருக்கீங்க, சித்த படுங்க.”

“ஒண்ணும் பண்ணப் போறதில்ல. தெரியோணும், அவ்வளவுதான்.”

பத்து நாளைக்கு முந்தைய பேச்சு அது. இப்போது லிங்கசாமி வேலம்பாளையத்து வீட்டு வாசலில், சாமியானாவுக்குக் கீழே, பிரீசர் பெட்டிக்குள் படுத்திருந்தார். கண்ணாடியில் திரும்பத் திரும்ப நீர் பூத்து அவர் முகத்தை மறைத்தது. மனைவி தெய்வாத்தாள் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சாமியானாவின் ஓரத்தில் ஆண்கள் பேசுவது அவளுக்குக் கேட்டது.

“எம்மெல்லேவக் காணமே. வெயில் ஏறுது.”

“பொறந்த ஊட்டுக் கோடிச் சேல போடாம எப்படி எடுக்கறது? அவரு வந்துதான ஆகோணும்.”

“சட்டத்த ஒரே மத்தியானத்துல போட்டுட்டாங்க. ஒரு சேல போட இத்தன நேரமாக்கும்.”

யாரோ தணிந்த குரலில் சிரித்தார்கள். அது தன் காதில் விழ வேண்டும் என்றே சொல்லப்பட்டதாகத் தெய்வாத்தாளுக்குத் தோன்றியது. நியாயமும்தான்.

தம்பி மகுடேஸ்வரன் தேர்தலில் நின்றபோது இந்தப் பகுதியில் வீடு வீடாகப் போனவள் அவள்தான். தொழிலாளர்களுக்கு மருத்துவச் சட்டம் வரும், அதன் ஒவ்வொரு வரியும் ஊரறிய எழுதப்படும், சட்டசபைக் குழுவில் பேசுவதெல்லாம் டீவியில் நேரடியாக வரும் என்று மேடையில் தம்பி சொன்னதை, அவள் வாசல்களில் நின்று சொன்னாள். “மூடுன கதவுக்குள்ள ஒண்ணும் நடக்காதுங்க. நடந்தா எங்கிட்ட வந்து கேளுங்க” என்று தன் சொந்த வாக்கையும் சேர்த்துக் கொடுத்தாள்.

சட்டத்தின் முதல் வரைவில், உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களுக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை உண்டு என்று ஒரு வரி இருந்தது. இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்த லிங்கசாமி, பேப்பரில் வந்த அந்த வரியை இரண்டு முறை சத்தமாகப் படித்துக் காட்டினார். பிறகு அதைப் பரிசீலிக்கச் சட்டசபை போட்ட தேர்வுக் குழு மூன்று நாள் கூடியது. டீவியில் ஒன்றும் வரவில்லை. நிருபர்களையும் உள்ளே விடவில்லை. கதவு திறந்தபோது அந்த வரி இல்லை. மறுநாள் மத்தியானமே சட்டம் நிறைவேறிவிட்டது. யார் எடுக்கச் சொன்னார்கள், யார் எதிர்த்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. குழுவில் இருந்தவர்களில் மகுடேஸ்வரனும் ஒருவன்.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், “பீஸ் ரேட்டுங்களா? அப்ப இதுல வராதுங்க” என்று மரியாதையாகத்தான் சொன்னாள். சொந்தக் காசு கட்டிச் செய்ததில், வாரம் மூன்று முறை செய்ய வேண்டிய டயாலிசிஸ் இரண்டானது, பிறகு ஒன்றானது.

தெய்வாத்தாள் நான்கு தடவை தம்பி வீட்டுக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் அவன், “மச்சான் எப்படி இருக்காருங்கக்கா?” என்று எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். வாசலில் மனுவோடு ஆட்கள் நின்றார்கள். உள்ளே தம்பி பெண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்டாள். கேட்க வந்ததைக் கேட்காமல், அவர்கள் கொடுத்த மாம்பழப் பையோடு அவள் திரும்பி வந்தாள். கேட்டால் அவன் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

நான்கு நாளைக்கு முன் லிங்கசாமி மறுபடி கேட்டபோது அவள் சொல்லிவிட்டாள்.

“கேட்டுட்டனுங்க. அவன் எதுத்துத்தான் பேசுனானாமா. கேக்க ஆளில்லீங்களாமா.”

“அதான பாத்தேன்,” என்றார் அவர். பல நாள் கழித்து அன்று இரண்டு இட்லி சாப்பிட்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பக்கத்து லைன் வீட்டு மருதாளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். தெய்வாத்தாள் அடுக்களையில் நின்று அதைக் கேட்டாள்.

கார்கள் வந்தன. வெள்ளைச் சட்டையில் இறங்கிய மகுடேஸ்வரன் பெட்டியின் மேல் கவிழ்ந்து அழுதான். பொய்யழுகை இல்லை. அவன் காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டைகள் எல்லாம் லிங்கசாமி தைத்துக் கொடுத்தவை.

அவன் நிமிர்ந்தபோது மருதாள் முன்னால் வந்து கும்பிட்டாள்.

“அண்ணன் சொன்னாருங்க. அத்தன பேரு இருந்த ரூமுல எங்களுக்காக நீங்க ஒருத்தருதான் பேசுனீங்களாமா. எங்கூட்டுக்காரருக்கும் நெஞ்சுல ஆப்ரேசன் சொல்லியிருக்காங்க. அவரும் பீஸ் ரேட்டுதானுங்க. நீங்க இருக்கற தைரியந்தான்.”

மகுடேஸ்வரன் அவளைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். தெய்வாத்தாள் கண்ணை எடுக்கவில்லை. அவன்தான் எடுத்தான்.

“நம்மால ஆனதுங்க,” என்று கைகூப்பினான்.

மருதாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள். தெய்வாத்தாள் அவள் போவதையே பார்த்தாள். படுத்த படுக்கையில் இருந்தவரின் மனசு ஆறட்டும் என்று சொன்ன பொய், இன்னொரு வீட்டுக்கு வாக்குறுதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

“நேரமாச்சு, கோடி போட்டுருங்க,” என்றாள் பெரியம்மா குழந்தையம்மாள். “மகுடா, வா சாமி. அக்கா தலையில போடு. தெய்வா, குனிஞ்சுக்க கண்ணு.”

பெண்கள் சுற்றி நெருங்கினார்கள். மகுடேஸ்வரன் தட்டிலிருந்து சேலையை எடுத்துப் பிரித்தான். தலையில் கோடி விழுந்ததும் எல்லோரும் கூடி அழுவார்கள். அதன் பிறகு யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. பெட்டியை எடுத்துவிடுவார்கள்.

“குனியுங்கக்கா,” என்றான் மெதுவாக.

அவள் குனியவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“மருதா, இங்க வா.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மருதாள் வந்தாள்.

“உங்கண்ணங்கிட்ட நான் சொன்னது பொய்யி. இவனக் கேட்டுட்டுச் சொல்லல. நான் கேக்கவே இல்ல.”

குழந்தையம்மாள், “என்ன புள்ள பேசறே, பொணத்த வெச்சுக்கிட்டு,” என்றாள்.

“அக்கா,” மகுடேஸ்வரனின் குரல் இறங்கியது. “எல்லாரும் இருக்காங்க. ஊட்டுக்குள்ள போயிப் பேசிக்கலாம், வாங்க.”

“உள்ள வேண்டாங் கண்ணு.”

பாதி பிரிந்த சேலை அவன் கையிலிருந்து சரிந்து, முந்தானை மண்ணில் கிடந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. சாமியானா ஓரத்தில் பேசிக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள்.

“எங்க வரிய எடுக்கறப்ப நீ கை தூக்குனயா, இல்லியா? இவங்க எல்லார்த்துக்கும் கேக்கற மாதிரிச் சொல்லு.”