துவைத்துப் பார்த்த யோசனைகள்

நாகஜோதி கம்பெனி வேலையை விட்ட மறுநாள் காலை, அவள் வீட்டுத் துணிக்கொடியில் யாரும் தைக்காத ஒரு சட்டை தொங்கியது. முந்தின நாள் சாயங்காலம் அவள் மனதில் தோன்றிய குழந்தைச் சட்டைதான் அது. பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து நீட்டிக்கொள்ளலாம். பித்தான்கூட அவள் நினைத்த நிறத்திலேயே இருந்தது. புருஷன் மாதவன் அதைத் திருப்பிப் பார்த்து, "தையல் நல்லாத்தான் விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினான். பனியன் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கும் திருப்பூர் மங்கலம் ரோட்டு லைன் வீடுகளில் எதையும் நின்று ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் கிடையாது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள் நாகஜோதி. சாம்பிள் செக்‌ஷனில் பல வருஷம் அடுத்தவர் வரைந்த உடுப்புகளையே தைத்துக் கொடுத்தவள். சொந்தமாக ஒன்று செய்து விற்கப் போகிறேன் என்றபோது முதலாளி ஈஸ்வரமூர்த்தி கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரு வருசம் பாருங்க. உங்க மிசின்ல வேற ஆள உக்கார வெக்க மாட்டேனுங்க. செரிப்படலீன்னா வந்துருங்க" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தக் காலி மிசின் கண்ணுக்குள்ளேயே நின்று அவளைப் பாடாய்ப் படுத்தியது. திரும்பிப் போய் அதில் உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்கும் தைரியம் தனக்கு வராது என்று அவளுக்குத் தெரியும்.

யோசனைகள் தினமும் வந்து தொங்கின. கனம் தாங்காமல் கொடி தரையைத் தொட்டபோது, வீட்டுக்காரம்மா ரங்காத்தாள் மூங்கில் முட்டுக் கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். வெண்ணெய் மாதிரி வழுக்கிய ஒரு கவுனைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். "கைய எடுக்கவே மனசு வல்லியே கண்ணு" என்றார் ரங்காத்தாள். நாகஜோதி அதையே நம்பி மாசக்கணக்கில் தைத்துக் கடைகடையாகக் கொடுத்தாள். முதல் துவையலில் அத்தனை கவுனும் பொம்மைச் சட்டையாகச் சுருங்கின. அடுத்த துவையலில் காணாமலே போயின. வாங்கினவர்கள் வெறும் ஹேங்கரைக் கொண்டுவந்து நீட்டிச் சண்டை பிடித்தார்கள்.

திருப்பூரில் ஷ்ரிங்கேஜ் பார்க்காமல் எவரும் துணியில் கத்தரி வைக்க மாட்டார்கள். துணியில் ஒரு கட்டம் வரைந்து, துவைத்துக் காயப்போட்டு, கட்டம் எவ்வளவு சுருங்கியது என்று அளந்த பிறகுதான் மற்ற வேலை. ஊரான் துணிக்கெல்லாம் கட்டம் போட்ட நாகஜோதி, தன் யோசனைக்கு மட்டும் போடாமல் விட்டுவிட்டாள். "பெத்த பிள்ளையக் கொண்டுபோயி வாளியில முக்க மனசு வருமாய்யா?" என்று மாதவனிடம் கேட்டு அழுதாள். அவன் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து, "வேற வழியில்ல ஜோதி, முக்கு" என்றான். பாவம், அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஒவ்வொன்றாக முக்கினாள். சொந்தக்காரர்கள் மூக்கின்மேல் விரல் வைக்க வேண்டும் என்று நினைத்த யோசனை சாயமாகக் கரைந்து ஓடியது. பழைய கம்பெனிக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட நினைத்தது பித்தான் அளவுக்கு ஆனது. குழந்தைச் சட்டை கொஞ்சம் தாக்குப்பிடித்து, பிறகு தோளில் முறுக்கிக்கொண்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. வெட்கப்பட்டு மற்றவற்றின் பின்னால் அவள் மறைத்துப் போட்டிருந்தது. கம்பெனிப் பெண்கள் சேலையில் பஞ்சு ஒட்டாமலிருக்க மேலே புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள் அல்லவா, அதையே பெண் உடம்புக்கென்று வெட்டியது. முழங்கையோடு நிற்கும் கை, நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கு ஒரு பை, செல்போனுக்கு ஒரு பை. நாள்கணக்கில் ஊறியும் அது இம்மி சுருங்கவில்லை.

அதைத் தைத்துக் கொடுத்தாள். வாங்கினவர்கள் துவைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, சாமளாபுரத்திலிருக்கும் தங்கச்சிக்கும் ஒன்று வேண்டும் என்று திரும்பி வந்தார்கள்.

வருஷம் முடியும் வாரம் ஈஸ்வரமூர்த்தியே வந்தார். சட்டையைத் தடவி, "கைக்கு மொரமொரன்னு இருக்குதுங்களே" என்றார்.

"தொவச்சுப் பாருங்க சார்."

அவர் தம் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தாமே முக்கி, அலசி, பிழிந்து, அது காயும்வரை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு டேப் பிடித்து அளந்தார். அளவு மாறவில்லை. "நாளைக்கு அந்த மிசினுக்கு வேற ஆளப் போட்டுக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் வண்டி திரும்பும்வரை பொறுத்திருந்து நாகஜோதி வாய்விட்டு அழுதாள். சந்தோஷம்தான், பயமும் கலந்திருந்தது.

மறுநாளும் கொடியில் புதுசாக ரெண்டு தொங்கின. ஒன்று கொள்ளை அழகு. நாகஜோதி அதைக் கையால் தொடாமல் குச்சியால் எடுத்து வாளிக்குள் போட்டுவிட்டு, டீ வைக்கப் போனாள்.