பாதிப் பாட்டில் ஒரு தாங்க்யூ

என் கணவர் பத்மநாதனுக்கு வெள்ளைக்காரரின் மரியாதைப் பேச்சில் அபார நம்பிக்கை. சிரித்தால் சம்மதம், கை குலுக்கினால் வேலை நிச்சயம். இப்படி அவருக்குக் 'கிடைத்த' வேலைகள் ஏராளம். கடைசியில் நான் வேலை செய்த பேக்கரியிலேயே சொல்லிவைத்து ஓர் இடம் பிடித்துக் கொடுத்தேன்.

எங்கள் ஒரே மகள் கஜனிக்குப் பள்ளிக்கூடத்தில் அது கடைசி வருடம். பாட்டும் ஆட்டமும் நடிப்புமாக மேடையேறும் மியூசிக்கல் தியேட்டர்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீடு ரெண்டுபட்டது. கடைசியில் இவர் இறங்கி வந்தார்.

"எடுபட்டால் படி. இல்லையெண்டால் அக்கவுண்டிங். அதுக்குப் பிறகு மூச்சுக் காட்டக்கூடாது."

விண்ணப்பித்த கல்லூரிகளில் இரண்டு ஏற்கெனவே கைவிரித்துவிட்டன. மிஞ்சியது ஒன்று. தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை, அதன் ஓடிஷனுக்கு, பாடிக் காட்டும் தேர்வுக்குப் போனோம்.

கஜனியை உள்ளே கூப்பிட்டதும் இவர் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு மானம் போனது. ஆனால் எனக்கும் கேட்க ஆசையாக இருந்ததால் பக்கத்தில் போய் நின்றேன்.

பியானோ தொடங்கியது. என் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை, நன்றாகத்தான் பாடினாள். பாட்டு உச்சிக்கு ஏறும் ஓர் இடம் உண்டு. குளியலறையில் மாதக்கணக்காகப் போராடி அவள் பிடித்த இடம். அதற்குச் சற்று முன்னால் ஒரு பெண்குரல் "தாங்க்யூ" என்றது. பியானோ நின்றது.

இவர் என் தோளைத் தட்டினார்.

"கேட்டீரே? முடிக்க முன்னமே தாங்க்யூ சொல்லிப்போட்டாங்கள். பிள்ளை எடுபட்டிட்டாள்."

வெளியே வந்த கஜனி தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னைக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"பாதியில தாங்க்யூ எண்டால் காணும், பாடினது போதும், போ எண்டு அர்த்தம் அம்மா. எனக்கு முன்னம் போன பிள்ளையை முழுக்கப் பாட விட்டவை."

"அப்பாட்டச் சொல்லுவம்."

"இண்டைக்கு வேண்டாம், ப்ளீஸ். அவர் எவ்வளவு சந்தோசமா நிக்கிறார்."

அவர் சந்தோசம் அதோடு நிற்கவில்லை. வழியில் லட்டு வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் நாலு தெரு தள்ளி மோர்னிங்சைட்டிலிருந்த அன்புராசா அண்ணை குடும்பத்தைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். நான் வெங்காயம் வெட்டியபடி எல்லோரையும் மனதுக்குள் திட்டினேன். அந்தப் பெண்ணை, இவரை, நன்றி சொல்லியே ஆளை வெளியே அனுப்பும் அந்த ஆங்கிலத்தை.

சாப்பிட்டு முடிந்ததும் அன்புராசா அண்ணை கேட்டார்.

"எங்க பிள்ளை, அங்க பாடினதை ஒருக்காப் பாடும் பாப்பம்."

கஜனி என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பாடினாள். காலையில் பாடியதைவிட நன்றாக இருந்தது. அந்த உச்சி இடம் நெருங்கியது. அவள் மூச்சை இழுத்ததைக் கண்டேன். இந்த முறை எட்டிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

"தாங்க்யூ" என்றார் இவர், கையை உயர்த்தி, முகமெல்லாம் பல்லாக. "இந்த இடத்திலதான் அண்ணை, காணும் எண்டு நிப்பாட்டினவங்கள்."

எல்லோரும் கை தட்டினார்கள்.

"அவளை முடிக்க விடுங்கோவன்" என்று கத்திவிட்டேன்.

"காணும் அம்மா" என்றாள் கஜனி. அப்புறம் தகப்பனிடம் திரும்பி, சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்பா, அக்கவுண்டிங்குக்கு எப்ப அப்ளை பண்ணவேணும்?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். சிரித்தபடியே என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.