அல்லிக்குச் சாண் தண்ணீர்

அல்லிக் கிழங்கை நட்ட சட்டிக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நின்றால் போதும். இலை மேலே வந்து விரிந்த பிறகுதான் தொட்டியை நிரப்ப வேண்டும். குடியிருப்பு முற்றத்துத் தொட்டியில் அல்லி நட்டிருந்த அவளும் சாயங்காலம் சாயங்காலம் மொண்டு இறைத்துக் குறைத்து வைப்பாள். விடிந்து பார்த்தால் தொட்டி ததும்பும். பாதி வழி வந்த இலை மேலே எட்டாமலே மஞ்சளாகி அழுகிப்போகும். குழாய்தான் ஒழுகுகிறதென்று பிளம்பரைக் கூப்பிட்டு வாசர் மாற்றினாள். இலையைக் கடிக்கிறதென்று தொட்டி மீனைத் திட்டினாள். சேற்றை மாற்றினாள். எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

குடியிருப்புச் செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது. "முற்றத்துல இவ்வளவு பெரிய தொட்டி, ஒரு இலைகூடக் காணோம். கொசுதான் வளக்கறீங்க. மூடிட்டா வண்டி நிறுத்தலாம்," என்று சொல்லி, இன்று காலையிலேயே மேஸ்திரியை அனுப்பிவிட்டார்.

பதறிக்கொண்டு இறங்கி வந்தவள் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். மேஸ்திரி டேப்பை நீட்டி அளந்துகொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் அவள் வீட்டுக்காரர், கையில் தண்ணீர் கொட்டும் ஓஸ் பைப்.

"நீங்கதானா?"

"என்ன நானா?"

"தினமும் தண்ணி விடறது."

"பின்னே? விடியக்காலையில பாதித் தொட்டி காலியாக் கெடக்கு. காலமெல்லாம் தண்ணி டேங்க் ஆப்பரேட்டரா இருந்தவன், கொறஞ்ச தொட்டியப் பாத்துட்டுச் சும்மா போவேனா?"

"கொறச்சு வச்சதே நான்தாங்க."

"ஏன், தொட்டி உன்னை என்ன பண்ணுச்சு?"

மேஸ்திரி சிரிப்பை மறைக்கக் குனிந்து டேப்பைச் சுருட்டினார்.

"இடுப்பொடிய நான் மொண்டு கொட்டுனத ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"மத்த செடிக்கு ஊத்தறேன்னு நெனச்சேன்."

"இனிமே இதுல கை வைக்காதீங்க."

"சரி."

அந்தச் சரி அவளுக்குத் தெரியும். மாத்திரை போட்டீங்களா என்று கேட்டால் வருகிற அதே சரி. அவள் மேஸ்திரியிடம் திரும்பினாள்.

"உளி இருக்கா?"

"இருக்கும்மா."

"சட்டிக்கு மேல ஒரு சாண் விட்டு, சுவத்துல ஒரு ஓட்டை போடுங்க."

"மூடத்தானேம்மா அனுப்புனாரு. கேட்டா என்ன சொல்ல?"

"தொட்டியில வேலை நடக்குதுன்னு சொல்லுங்க. பொய்யில்லையே."

சுவர் பொத்துக்கொண்டு தண்ணீர் வீட்டுக்காரரின் காலடிக்கே பாய்ந்தது. மட்டம் இறங்க இறங்க, சுருண்ட இலை ஒன்று பச்சையாகவே வெளியே தலைநீட்டியது.

"ஒரு இலை இருக்குன்னு போய்ச் சொல்லிடறேம்மா," என்று மேஸ்திரி உளியைத் துடைத்தார்.

"தண்ணி வீணாப் போகுதே," என்றார் வீட்டுக்காரர்.

"அப்போ பைப்ப மூடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போய் மூடினார். மூடிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மேஸ்திரி, இந்த ஓட்டைக்கு அளவா ஒரு அடைப்பான் கெடைக்குமா?"