மூன்றாவது பிஸ்டன்: பத்தொன்பது

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் கள்ளன் என்று சொல்லக்கூடாது. கண்டக்குழியில், எஞ்சின் திருத்தும் ஹாசிமின் கராஜில், ஒரு வியாழக்கிழமை பின்னேரம், ஒரு முள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிறந்தது.

நான் வாத்தியார். ஆறு வருடமாக உச்சமுனைப் பள்ளிக்கூடத்துக்கு இன்னாசிப்பிள்ளையின் படகில் போய்வருகிறேன். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ஆசிரியர்கள், மருந்தெடுக்கப் போய்த் திரும்பும் பிள்ளைத்தாய்ச்சிகள், எல்லாரும் அதில்தான். அந்தப் படகின் டீசல் எஞ்சின் ஒரு மாதமாகப் புகை கக்கித் தட்டிக்கொண்டிருந்து, கடைசியில் கடலோரக் களப்பின் நடுவே நின்றேபோனது. ஹாசிம் அதைக் கழற்றிப் பிரித்துப் போட்டிருந்தார். எதையும் எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போனேன்.

2

முதல் தொடக்கம்: "களப்பின் மேல் சூரியன் தங்கத் தகடாய்…" சீ! வெட்டிவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "அந்தத் திங்கட்கிழமை காலை படகில் முதலில் ஏறியவர்"

இதை இப்படியே விடுகிறேன். முடிக்கவும் முடியவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. நீங்கள் கொஞ்சம் பொறுங்கள்.

3

பிஸ்டன் உயரம் பார்ப்பது என்றால் என்ன? சிலிண்டருக்குள் பிஸ்டன் ஆக மேலே ஏறி நிற்கும்போது, அதன் தலை எஞ்சின் புளொக்கின் மட்டத்தை விட நூலளவு வெளியே துருத்தும். அதை அளக்க வேண்டும். நான்கு பிஸ்டன்களில் ஆகக் கூடத் துருத்துவது எதுவோ, அதற்கேற்ற தடிப்பில்தான் மேலே, எஞ்சின் மூடிக்கு அடியில், கஸ்கெட் என்ற தகட்டைப் போடலாம். மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் போய் முட்டும். தடித்ததைப் போட்டால் எஞ்சினுக்கு இழுவை இருக்காது.

(கஸ்கெட்டின் ஓரத்தில் தடிப்பைக் காட்டச் சின்ன வெட்டுகள் இருக்கும். கடையில் "ரெண்டு வெட்டு தாங்க" என்றால் போதும். இதைத் தெரிந்துகொண்ட நாள் எனக்குப் பெருநாள்.)

ஹாசிமிடம் ஒரு வழக்கம் உண்டு. கடிகாரம் மாதிரியான அளவுமானியை அவரே வைப்பார், எஞ்சினையும் அவரே சுற்றுவார். முள்ளை மட்டும் பார்க்கமாட்டார். வேலை தெரியாத ஆளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்.

"நான் பாத்தா நான் நெனச்ச நம்பர்தான் சேர் தெரியும். உங்களுக்கு ஒண்டும் தெரியாதே, அதான் நீங்க வாசிங்க."

மரியாதையா நக்கலா என்று தெரியவில்லை. குனிந்தேன்.

"ஒண்டு?"

"ஐம்பத்தெட்டு." (ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்து, அதில் ஐம்பத்தெட்டு.)

புளொக்கில் சோக்கட்டியால் எழுதினார். "ரெண்டு?"

"ஐம்பத்தேழு."

"மூண்டு?"

முள் பாதிவழி கூடப் போகவில்லை. "பத்தொன்பது," என்றேன்.

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க சேர்."

துடைத்தேன். பத்தொன்பது. பிஸ்டனின் மற்றப் பக்கத்திலும் மானியை வைத்து என்னை வாசிக்கச் சொன்னார். அங்கேயும் அதேதான். நாலாவது ஐம்பத்தொன்பது.

ஹாசிம் எழும்பிக் கையைத் துடைத்தார். வாசலில் படகின் சொந்தக்காரர், சம்மாட்டி இன்னாசிப்பிள்ளையும், எட்டு வருடமாக அவருடைய படகை ஓட்டும் அன்ரனியும் நின்றார்கள்.

"சம்மாட்டியார், பிஸ்டனைத் தள்ளுற றொட் வளஞ்சிருக்கு. அதான் இது மட்டும் கீழ நிக்கிது. சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்கக்குள்ள ஆரோ ஸ்டார்ட் பொத்தான அமத்தியிருக்காங்க. தண்ணி அமுங்காதே. றொட்தான் வளையும்."

4

தண்ணீர் எப்போது நின்றது என்று எல்லாருக்கும் தெரியும். போன மாதம் ஒரு ஞாயிறு முழுக்கக் காற்றடித்து, புகைக்குழாய் வழியாக அலை உள்ளே ஏறிவிட்டது. திங்கள் காலை அதைக் கண்ட அன்ரனி, ஸ்டார்ட் பொத்தானில் சிவப்புத் துணி கட்டிவிட்டு ஹாசிமைக் கூப்பிடப் போனார். சிவப்புத் துணி கட்டினால் தொடக்கூடாது. இங்கே படகேறுகிற எல்லாருக்கும் அது தெரியும். ஹாசிம் வந்தபோது துணி கட்டினபடியே கிடந்தது. தண்ணீரை வெளியேற்றி ஓட்டிக் கொடுத்தார். தட்டல் அன்றுதான் தொடங்கியது.

இன்னாசிப்பிள்ளை கணக்கு வாத்தியார் போலக் கேட்டார். "துணி அவிழ்க்காமக் கிடந்தது. கட்டினது நீ. அப்ப கட்ட முன்னம் அமத்தினது ஆர்?"

"நான் தொடேல்லைச் சம்மாட்டி. மாதா மேல சத்தியம்."

"பிழை விட்டது பெரிசில்லையடா. மறைச்சியே! சனத்தை ஏத்துற போட். நாளைக்கு வராத."

அன்ரனி படகின் டீசல் பெட்டிச் சாவியைச் சட்டையில் துடைத்து, கராஜ் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஹாசிம் தந்த தேத்தண்ணீர் எனக்குக் கசந்தது.

5

அன்ரனி என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. அதாவது, வரவேண்டும் என்று விரும்பினேன். இந்தக் கதையின் இரண்டாம் பிரதியில் அவருடைய வாயில் சாராய மணத்தை வைத்தேன். என் மனைவி ரபியா வாசித்தாள்.

"அன்ரனி அண்ணன் குடிக்கிறவரா?"

"இல்ல. கதைக்காக."

"கதைக்காக எண்டா உங்கட பேரைப் போட்டு எழுதுங்களேன். அந்த மனுசன் பாவமில்லயா?"

கிழித்தேன். மூன்றாம் பிரதியில் அளவுமானி பழுது. ஹாசிம் வாசித்தால் சிரிப்பார். நாலாம் பிரதியில், காற்றுப்பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் பொத்தானை அமத்திவிட்டு நாட்டைவிட்டே போய்விடுகிறார். என்ன வசதியான ஆள்! ஆனால் எந்தப் பிரதியிலும் அந்தப் பத்தொன்பதை என்னால் ஒரு புள்ளி உயர்த்த முடியவில்லை.

6

சரி. முடிக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை படகில் முதலில் ஏறியவர் நான்.

அன்ரனி ஹாசிமைக் கூப்பிடப் போயிருந்தார். பொத்தானில் சிவப்புத் துணியைக் கண்டேன். தொடக்கூடாது என்று தெரியும். தொட்டால் என்ன நடக்கும் என்றுதான் தெரியாது. அவிழ்த்தேன், அமத்தினேன். "டொக்" என்று ஒரே ஒரு சத்தம், சோற்றில் கல் கடித்த மாதிரி. பயந்துபோய்த் துணியை இருந்தபடியே கட்டிவிட்டுக் கரையில் போய் நின்றேன். அவ்வளவுதான்.

கராஜில் முள்ளை வாசித்தபோது "ஐம்பத்தெட்டு" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எங்கோ பழுதான எஞ்சினோடு அந்தப் படகில் என் வகுப்புப் பிள்ளைகள் ஏறுவார்கள். சரியான எண்ணைச் சொன்னேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். வெட்கமாயிருக்கிறது.

7

நேரில் போய்ச் சொல்லலாமே என்பீர்கள். இன்னாசிப்பிள்ளையின் வீட்டுப் படலைவரை இரண்டு தரம் போனேன். உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு, "சேர்" என்றார். பள்ளிக்கூடக் கதை பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் கோழை. அன்ரனி இப்போது கனமூலையில் தேங்காய் உரிக்கிறார். கடலைப் பார்க்காமல் இருக்கிறார் என்று கேள்வி.

முடிவை நான் எழுதப்போவதில்லை. மன்னிப்பதாக எழுதினாலும் செருப்பால் அடிப்பதாக எழுதினாலும், அது நான் நினைத்த நம்பராகத்தான் இருக்கும்.

இன்னாசிப்பிள்ளைக்குச் சின்ன எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய மகள் லக்சனாதான் பத்திரிகைக் கதைகளை அவருக்கு வாசித்துக்காட்டுவாள். என் மாணவி அவள். இதை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புவதே அதனால்தான்.

லக்சனா, இவ்வளவு தூரம் வாசித்துவிட்டாய். இப்போது அப்பா, "எங்கட சேரா பிள்ளை இத எழுதினது?" என்று கேட்பார். தலைப்புக்குக் கீழே பெயர் போட்டிருப்பார்கள். உனக்குத் தெரிந்த பெயர்தான். எனக்காகப் பார்க்காதே, அதை உரக்க வாசி.