ஓடையை மறித்த கொட்டகை

வெண்ணந்தூர்ப் பக்கம் முட்டைக்கோழி வளர்க்கிறவர்கள் கத்திரி வெயிலுக்குத்தான் பயந்து பழகியிருந்தார்கள். அந்த வருஷம் வெயில் பங்குனியிலேயே வந்து நின்றுவிட்டது. மைதிலியின் பண்ணையில் முற்பகலிலேயே கரண்ட் போனது. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நின்றுபோனது. கூரையில் ஓடிய தண்ணீர்க் குழாய்களும் அதோடு ஓய்ந்தன. தைப் பொங்கலுக்கே கிணறு வற்றிவிட்டதால் லாரியில் வாங்கி ஊற்றிய தண்ணீர்தான்; மேல்தொட்டியில் அதுவும் தீர்ந்திருந்தது.

கோழிகள் அலகைப் பிளந்துகொண்டு, இறக்கையை விரித்துக்கொண்டு, கூண்டுக் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டின. மைதிலியும் அவள் புருஷன் நவநீதகிருஷ்ணனும் குடத்தில் இருந்த குடிதண்ணீரைக்கூடக் கொண்டுபோய்த் தெளித்தார்கள். அது எந்த மூலைக்குப் போதும்?

வேலிக்கு அந்தப் பக்கம் கந்தவேலின் பாக்குத் தோப்பு. கந்தவேல் நவநீதகிருஷ்ணனுக்குப் பெரியப்பா மகன். திருச்செங்கோட்டில் சொந்தமாக, போர் போடும் ரிக் வண்டி வைத்திருந்தார். தன் நிலத்தில் தானே ஆழமாகத் துளை போட்டுத் தண்ணீர் எடுத்தார். அதற்குப் பிறகுதான் தன் கிணறு வற்றியதென்று மைதிலி ஊர் கேட்கப் பேசியிருந்தாள். அன்றிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை.

அவர் தோப்பில் பெரிய தொட்டி. தொட்டி நிறையத் தண்ணீர் வெயிலில் தகதகவென்று கிடந்தது. மைதிலி வைராக்கியத்தை விழுங்கிக்கொண்டு வேலியோரம் போய் நின்றாள்.

"மாமா, ஒரு ஓஸ் பைப்பைப் போட்டுக் கொஞ்சம் தண்ணி வுடுங்க. கோழி சாவுது."

கந்தவேல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. "போர் போட்டப்ப என்னைய என்னென்ன பேசுன அம்மிணி. திருட்டுத் தண்ணின்னு சொன்ன. திருட்டுத் தண்ணி உன்ற கோழிக்கு ஆகாது, போ."

அவள் திரும்பி வந்துவிட்டாள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ. அவள் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் பின் கொட்டகையில் சத்தமே இல்லாமல் போயிற்று. முன் கொட்டகைக்கு வேம்பு நிழல் இருந்ததால் அங்கே பாதிக்குப் பாதி தப்பித்தன. மறுநாள் ஜேசிபி வைத்துக் குழி வெட்டி, சுண்ணாம்பைக் கொட்டி, கோழிகளைப் புதைத்தார்கள். குழி மூடின கையோடு, நாற்றம் தாங்கவில்லை என்று பஞ்சாயத்து ஆபீசில் ஒரு புகார் போனது. போட்டது யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரோடும் நல்ல வார்த்தை பேசவில்லை. நவநீதகிருஷ்ணன் காலையில் கிளம்பி நாமக்கல்லில் யாரையாவது பார்த்து, நிலத்தை விற்றுவிடுவது பற்றிப் பேசிவிட்டு வருவான். சாவு வீட்டுக்கு வருவதுபோலச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஒருத்தர் கண்ணேறு என்றார், ஒருத்தர் சனிப்பெயர்ச்சி என்றார். கண்ணேறு பட்டால் பங்குனியில் தார் ரோடு உருகுமா என்று மைதிலி கேட்டாள். அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். பால் ஊற்ற வருகிறவனோடு சண்டை, டிவியில் சிரித்துக்கொண்டே வெப்பநிலை சொல்லும் பெண்ணோடு சண்டை, ரோட்டில் போகும் ரிக் வண்டிகளோடு சண்டை. கொட்டகைப் பக்கம் மட்டும் அவள் போகவே இல்லை. மிச்சமிருந்த கோழிகளுக்குத் தீவனம் போடுவதைக்கூட வேலையாளிடம் விட்டுவிட்டாள்.

மகள் சௌந்தர்யா திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு சேலத்தில் வேலை பார்த்தாள். லீவில் வந்தவள், சமையல்கட்டில் நின்றபடியே தான் இனி இந்த ஊருக்கு வந்து இருக்கப் போவதில்லை என்றாள். பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையையும் வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னாள். உலகம் பூராவும் சூடேறுகிறது, இது வருஷா வருஷம் கூடத்தான் போகிறது, யாராலும் நிறுத்த முடியாது என்று செல்போனில் எதையோ காட்டினாள். படம் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

மைதிலி அந்தப் போனைத் தட்டிவிட்டாள். அது அடுப்பு மேடையில் மோதிக் கீழே விழுந்தது.

"நாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா," என்றாள் சௌந்தர்யா. குரல் உடைந்தது. "நான் ஒரு புள்ளையப் பெத்து, அதை இந்த வெயில்ல எப்படி வுடறது? ராத்திரியெல்லாம் இதேதான் மண்டைக்குள்ள ஓடுது. எனக்குப் பயமா இருக்குது."

மகள் தனக்குப் பாடம் நடத்துகிறாள் என்றுதான் மைதிலி அதுவரை நினைத்திருந்தாள். அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"பயந்தா ஒரு மூலையில உக்காரு," என்றாள். "எனக்குப் பயம் வரல. ஆத்திரந்தான் வருது. யார் மேல காட்டறதுன்னுதான் தெரியல."

சௌந்தர்யா அன்று மாலையே பஸ் ஏறிவிட்டாள்.

வைகாசியில் ஒரு நாள் பிற்பகல், பின் கொட்டகைக் கூண்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று மைதிலி வேறு வழியில்லாமல் அங்கே போனாள். அப்போதுதான் போதமலைப் பக்கம் கறுத்து, மழை கொட்டியது. ஒரு மணி நேரம்கூட இருக்காது. அவள் காலியான கொட்டகைக்குள் ஒதுங்கி நின்றாள்.

மலையிலிருந்து செந்தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது. கொட்டகையின் பின்சுவரில் மோதியது. கொஞ்சம் தேங்கிச் சுழன்றது. பிறகு பக்கவாட்டில் திரும்பி, வண்டிப்பாதையில் விழுந்து, தார் ரோட்டை அறுத்துக்கொண்டு எங்கோ ஓடிப்போயிற்று. மழை நின்றதும் அவள் ஈரப்பாதையில் நடந்து ஊர் ஏரிக்குப் போய்ப் பார்த்தாள். ஏரியில் மழை நனைத்த ஈரம் தவிர ஒரு சொட்டு இல்லை. சீமைக்கருவேலம்தான் நின்றது.

மலைத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவந்த பழைய ஓடை எந்த வழியாகப் போனது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். மலையடியில் கைலாசம் என்பவரின் நிலத்தில் புகுந்து, இவர்கள் நிலத்தைக் கடந்து, கந்தவேல் நிலம் வழியாக ஏரிக்குப் போகும். மழை குறைந்து ஓடை சும்மா கிடந்த வருஷங்களில் மைதிலியின் மாமனார் மண்ணைக் கொட்டி மேடாக்கி அதன்மேல் பின் கொட்டகையைக் கட்டினார். தம்பியே அடைத்துவிட்டான், தனக்கென்ன என்று கந்தவேலின் அப்பா குறுக்கே சுவர் வைத்து ஓடைக்குள் பாக்கு நட்டார். யாரும் யாரையும் கேட்கவில்லை. இப்போது மழை பெய்தால் பேய்மழை, காய்ந்தால் ஒரேயடியாகக் காய்ச்சல். வந்த தண்ணீரை இவர்களே ரோட்டுக்குத் துரத்திவிட்டு, ஆயிரம் அடிக்குக் கீழே துளை போட்டுத் தேடினார்கள்.

மைதிலிக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாள் வானத்தைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்த வாயில் சேற்றை அப்பியது போலிருந்தது. வெயிலை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தச் சுவரை இடிக்க முடியும். ஆத்திரத்துக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது.

கொட்டகையை இடிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது நவநீதகிருஷ்ணன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். அப்பன் கட்டினதை இடிக்க நீ யார் என்று கேட்டான். பைத்தியம் பிடித்துவிட்டது, உன் அண்ணனைக் கூப்பிட்டு அவனோடு அனுப்பிவிடுகிறேன் என்றான். கோழி செத்ததற்கு ஒரு வார்த்தை பேசாத ஆள் கொட்டகைக்கு மட்டும் கத்துவது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நிலத்தை விற்கத்தானே அலைகிறாய், அதற்கு முன்னால் ஒரு உருப்படியான காரியம் நடந்துபோகட்டும் என்றாள். இரண்டு நாள் அவன் வீட்டில் சாப்பிடவில்லை. ஆனால் ஜேசிபி வந்து நின்றபோது மறிக்கவும் இல்லை.

மறிக்க வந்தது கந்தவேல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இயந்திரத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதை எடுத்தீன்னா தண்ணி நேரா என்ற செவுத்துல வந்து முட்டும். தெரிஞ்சுதான் பண்றியா?"

"தெரிஞ்சுதானுங்க."

"வஞ்சம் வெச்சுப் பண்ற."

"ஆமாங்க," என்றாள் மைதிலி. "வஞ்சந்தான். உங்க செவுத்த நான் தொடல. என்ற மண்ணை நான் எடுக்குறேன். அப்புறம் தண்ணியாச்சு, நீங்களாச்சு."

அவர் போலீசுக்குப் போவேன் என்றார். கிராம நிர்வாக அலுவலரைக் கூட்டிவந்தார். வந்தவர் நிலத்தை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, இது ஓடைப் புறம்போக்குதான், இந்த அம்மா செய்வது சரிதான், கேட்கப்போனால் உங்கள் சுவர்தான் தப்பு என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார். கந்தவேல் காறித் துப்பிவிட்டுப் போனார்.

சுவர் விழுந்தபோது எழுந்த புழுதி மைதிலியின் தலையெல்லாம் படிந்தது. பங்குனிக்குப் பிறகு அன்றுதான் அவளுக்குப் பசித்தது. மண்ணை வாரி எடுக்க எடுக்கப் பழைய ஓடையின் மணல் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சௌந்தர்யாவுக்குப் போன் செய்தாள். சமாதானமாக எதுவும் பேசவில்லை. கரையை எந்தச் சரிவில் வெட்டினால் இடிந்து விழாது என்று மட்டும் கேட்டாள். சௌந்தர்யா, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றாள். வந்தவள் அடுத்த ஞாயிறும் வந்தாள். அம்மாவும் மகளும் கரையில் வெட்டிவேர் நட்டார்கள். நட்டுக்கொண்டே ஒருவர் செய்வதில் ஒருவர் குறை சொன்னார்கள். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று மைதிலி கேட்டதற்கு, இங்கே வந்துபோன அன்று மட்டும் வருகிறது என்றாள் மகள்.

ஆவணியில் பெருமழை வந்தது. ஓடை இரு கரையும் புரண்டு ஓடி, கந்தவேலின் சுவரில் முட்டி நின்றது. தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. சுவர் மேல் வழிந்து தோப்புக்குள் இறங்கி, அவர் வீட்டு வாசலை நோக்கிப் போனது. கந்தவேலும் அவர் மனைவி ராமாத்தாளும் முழங்கால் தண்ணீரில் நின்று மைதிலியின் ஏழு தலைமுறையையும் ஏசினார்கள். மைதிலியும் இக்கரையில் நின்று குறையில்லாமல் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் ராமாத்தாள்தான் புருஷனைப் பார்த்து, ஊடு முழுகினதுக்கு அப்புறம் செவுத்தக் கட்டி அழுவீங்களா என்று கேட்டாள். கந்தவேல் கடப்பாரையைக் கொண்டுவந்தார். ஒரு கல் பெயர்ந்ததுதான் தாமதம், மற்றதைத் தண்ணீரே தள்ளிவிட்டது. ஓடைக்குள் நட்டிருந்த பாக்கு மரங்கள் சாய்ந்தன. தண்ணீர் ஏரியைப் பார்த்துப் போயிற்று.

மறுநாள் ஏரியில் கணுக்காலளவுதான் நின்றது. ஊர்க்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். கந்தவேல் அவள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. விழுந்த மரங்களுக்காக அவர் தன்னைச் சாகிறவரை மன்னிக்க மாட்டார் என்று மைதிலிக்குத் தெரிந்தது. செத்த கோழிகளுக்காக அவளும் மன்னிப்பதாக இல்லை.

ஐப்பசி மழைக்கு ஏரி பாதி நிறைந்தது. மைதிலியின் கிணற்றில் அடிப்பாறை தண்ணீரில் மறைந்தது. முன் கொட்டகைக் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து, அந்த வேம்பு நிழலுக்கு அடங்குகிற அளவுக்கு மட்டும் கோழி விட்டாள். நவநீதகிருஷ்ணன் நாமக்கல் போவதைக் குறைத்துக்கொண்டான். கூரை மேல் ஏறித் தென்னங்கீற்று போட்டது அவன்தான்.

அடுத்த பங்குனியும் கொளுத்தியது. சில கோழிகள் செத்தன. மைதிலி அவற்றைப் புதைத்துவிட்டு வந்து கூரையை நனைத்தாள். இது போதாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு ஓடையால் வெயிலை நிறுத்திவிட முடியாது. ஆனாலும் போன வருஷம்போலக் கொட்டகைக்குப் போகப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கவில்லை.

சித்திரையில் ஒரு காலை கந்தவேல் வேலியோரம் வந்து நின்றார். அவளைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துப் பேசினார்.

"கெழக்கால கைலாசம் ஓடைய மூடி சோலார் வேலி போடறானாமா. நீ வெட்டுனதும் நான் இடிச்சதும் வீணாப் போயிரும்."

"அதுக்கு?"

"அவன் ஒரு மொரடன். நான் ஒருத்தன் போய்க் கேட்டா அடிக்க வருவான்." கந்தவேல் துண்டை உதறித் தோளில் போட்டார். "உன்ற வாய்க்கு அவனும் பயப்படுவான்."

மைதிலி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இருவரும் ஓடைக்கரையில் கிழக்கே நடந்தார்கள். அவர் முன்னால் போனார், அவள் நன்றாகப் பின்தங்கியே போனாள். தூரத்தில் கைலாசத்தின் ஆட்கள் கம்பம் நடுவது தெரிந்ததும் அவள் நடையை எட்டிப்போட்டு அவரைக் கடந்து முன்னால் போனாள்.