எனக்காக மெதுவாக ஓடியவர்கள்

எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் அணிக்குப் பயிற்சி தந்த வசந்தகுமாரி மேடம் ஒரு விதி வைத்திருந்தார். கோடு ஓடும்போது எல்லோரும் ஒன்றாக வந்து சேர வேண்டும். ஒருத்தி பின்தங்கினாலும் அத்தனை பேரும் மறுபடி ஓட வேண்டும். கெஞ்சினால் இன்னொரு முறை. முறைத்தால் அதற்கு மேலும் ஒரு முறை. நான் முறைக்கிற ரகம்.

கோடு ஓடுவது என்றால், பாஸ்கெட்பால் மைதானத்தின் ஒரு முனையில் நின்று, முதலில் கிட்டத்துக் கோட்டைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். பிறகு நடுக்கோடு. பிறகு அதற்கும் அப்பால் உள்ளது. கடைசியில் எதிர்முனை. கேட்பதற்கு ஒன்றுமில்லாதது மாதிரிதான் இருக்கும். உத்திரமேரூர் வெயிலில், காலை நாஷ்டாவுக்கு முன்பே சுடத் தொடங்கிவிடுகிற சிமெண்ட் தரையில் ஓடிப் பார்த்தால் தெரியும்.

நான் அணியில் சேர்ந்ததற்கு என் உயரம் மட்டும்தான் காரணம். முதல் வருடம், ஹாஸ்டல் சாப்பாட்டு வரிசையில் நின்றவளை மேடம் அண்ணாந்து பார்த்தார்.

"பேர் இன்னாடி? எந்த ஊரு?"

"பவளம் மேடம். தாமல்."

"பால் புடிச்சிக்கீறியா?"

"நாத்துக்கட்டு புடிச்சிக்கீறேன் மேடம்."

"அது போதும். காலைல கிரவுண்டுக்கு வா."

கூடைக்கு அடியில் நின்றால் என்னை மீறி யாரும் பந்தை எடுக்க முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. எனக்கு ஓட வராது என்பது அதைவிடச் சீக்கிரம் தெரிந்துவிட்டது. தினமும் நான்தான் கடைசி. என் ஒருத்தியால் எல்லோரும் மறுபடி ஓடினார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அப்படி ஓடி ஓடி, கூடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். கேப்டன் திலகாக்கா முதுகைத் தடவிவிட்டாள். "இன்னைக்கி போதும் மேடம்" என்று அவள் சொன்னதற்காக எல்லோருக்கும் இன்னொரு ஓட்டம் கிடைத்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த அதிசயம் நடந்தது. நான் பின்தங்குவது நின்றுபோனது. இந்தப் பக்கம் திலகாக்கா, அந்தப் பக்கம் சுபாஷ்ரீ என்று நடுவில் ஓடினேன், அவர்களோடு சேர்ந்தே கோட்டைத் தொட்டேன். சுபாஷ்ரீ எங்கள் அணியிலேயே குட்டி, வேகத்தில் அவளை யாரும் பிடிக்க முடியாது. அவளே என் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். உடம்பு தேறிவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னாடி சுபா, இதுக்கே நாக்கு தள்ளுது?" என்று அவளைக் கிண்டல் வேறு செய்தேன். அம்மாவுக்குப் போன் போட்டு, "இப்பல்லாம் நான்தாம்மா முன்னாடி வர்றேன்" என்று பெருமை அடித்தேன். அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

மண்டலப் போட்டி நெருங்கியது. வேலூருக்கு வேனில் போய் மூன்று நாள் தங்கி ஆட வேண்டும். நான் தாமலையும் காஞ்சிபுரத்தையும் விட்டால் அதிகம் போனவளில்லை. ஆனால் ஊர் பார்க்கிற ஆசை இல்லை அது. வெளியூர்க் கல்லூரிக்காரிகள் எதிரில் நிற்க, கூடைக்கு அடியில் என் இடத்தில் நான் நிற்க வேண்டும். அந்த ஆசையில் சோறுகூடச் சரியாக இறங்கவில்லை.

ஆள் எடுப்பதற்கு முன்பு மேடம் ஸ்டாப்வாட்சுடன் வந்தார். "இன்னைக்கி ஒவ்வொருத்தியா தனியா ஓடணும். முப்பத்தி மூணு செகண்டு. அதுக்கு மேல போனா வேன்ல எடம் கெடையாது."

முதலில் திலகாக்கா. நேரத்தைப் பார்த்த மேடம் புருவத்தைச் சுருக்கினார். அடுத்து சுபாஷ்ரீ. தட்டுத் தடுமாறித்தான் தேறினாள். வருட ஆரம்பத்தில் ஓடியதைவிட எல்லோருக்குமே வேகம் குறைந்துபோயிருந்தது. இரண்டு பேர் முப்பத்து மூன்றைத் தாண்டிவிட்டார்கள். நான் முடித்தபோது மேடம் வாட்சை எனக்குக் காட்டினார். நாற்பதைத் தொட்டிருந்தது.

"இத்தினி நாளா இன்னாத்தடி ஓடிக்கினு இருந்தீங்க?" என்று கத்தினார்.

 ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. நான் வேகமாகவில்லை. அவர்கள் எல்லோரும் மெதுவாகியிருக்கிறார்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மேடத்தின் கண்ணுக்குத் தெரியாமல் என் வேகத்துக்கு இறங்கியிருக்கிறார்கள். சுபாஷ்ரீ மூச்சு வாங்கியது நடிப்பு.

ஹாஸ்டலுக்குப் போனதும் பக்கெட்டை எட்டி உதைத்தேன். "உங்கள யார் கேட்டாங்க? நான் வந்து கால்ல வுழுந்தனா?"

"நீ வாந்தி எடுத்துக்கினு நின்னத பாக்க முடியலடி" என்றாள் திலகாக்கா. "ஒருத்திக்காகக் கொஞ்சம் மெல்ல போனா இன்னா ஆயிடப் போவுதுன்னு நெனச்சோம்."

"ஆயிடுச்சே! எல்லாருக்கும் சேத்து ஆயிடுச்சே! எங்கம்மா தெரு பூரா சொல்லி வச்சிக்கீது!"

 என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று மட்டும் நினைத்திருந்தால் கோபம் சீக்கிரம் அடங்கியிருக்கும். என்மேல் பிரியம் வைத்து ஏமாற்றியிருக்கிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை. திட்டவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் அன்று யாரோடும் பேசவில்லை.

மறுபடி ஓடிக் காட்ட மேடம் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். மற்றவர்களுக்கு அது போதும், பழைய வேகம் திரும்பிவிடும். எனக்குத் திரும்புவதற்குப் பழைய வேகமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன்.

தாமல் ஏரிக்கு அடியில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வீட்டில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வதைவிடச் சேறு மேல் என்று நானும் இறங்கிவிட்டேன். எனக்குப் பக்கத்தில் சசிரேகா. காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண், எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்து சில மாதம்தான் ஆகிறது. நாற்றைப் பிரிக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது. எனக்குக் கை பழகிய வேலை என்பதால் பார்த்துக்கொண்டே நட்டேன். அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா, அவள் பங்கிலிருந்து இரண்டு நாற்று அகலத்தைத் தன் பக்கம் சேர்த்து நட்டபடி போனாள். இந்தப் பக்கம் என் கையும் என்னைக் கேட்காமலே அதையே செய்துகொண்டிருந்தது. யாரும் நிற்கவில்லை, யாரும் கையை மெதுவாக்கவில்லை. வரிசை நேராகப் போனது. அடுத்த கழனியில் இறங்கியபோது சசிரேகாவின் பங்கை ஒரு நாற்று அகலம் கூட்டிவிட்டார்கள். அவள் முணுமுணுத்தாள், ஆனால் நட்டாள்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது. எங்கள் அணியில் பாதிப் பேர் நடவுக்குப் போகிற வீட்டுப் பெண்கள்தான். இது தெரியாதவர்களா? கழனியில் யாராவது யாருக்காகவாவது நின்றால் பொழுது சாய்வதற்குள் வேலை முடியுமா? மைதானத்துக்கு வந்ததும் தெரிந்ததை மறந்துவிட்டு நின்றுவிட்டார்கள்.

திங்கட்கிழமை மேடத்திடம் போனேன். "மேடம், நான் முன்னாடி கெளம்புறேன். மொதக் கோட்டத் தொட்டுட்டுத் திரும்புனப்பறம் அவங்க கெளம்பட்டும். அவங்க ஃபுல்லா ஓடட்டும். என்னை முந்திட்டாங்கன்னா எல்லாரும் மறுபடி ஓடுறோம்."

"சலுக கேக்குறியா?"

"இல்ல மேடம். ரெண்டு நாளுக்கு ஒருவாட்டி நான் முன்னாடி கெளம்புற தூரத்தக் கொறச்சிடுங்க."

 மேடம் விசிலை எடுத்தார்.

முதல் நாளே என்னைத் தாண்டிப் போனார்கள். சுபாஷ்ரீ காற்றாய்ப் பறந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். எல்லோரும் மறுபடி ஓடினோம். திலகாக்கா ஒரே ஒரு முறை வேகத்தைக் குறைத்தாள், நான் போட்ட கூச்சலில் மறுபடி குறைக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் என் கால்கள் எனக்குச் சொந்தமில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். முன்னால் கிளம்புகிற தூரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி நாள் அவர்களோடு ஒரே விசிலுக்குக் கிளம்பினேன். கடைசியாகத்தான் வந்தேன், ஆனால் கண்ணெதிரில் அவர்கள் முதுகு தெரிகிற தூரத்தில் வந்தேன். மேடம் அன்று மறுபடி ஓடச் சொல்லவில்லை.

தேர்வு நாளில் மேடம் எதிர்முனைக்குப் போனார், கை கோட்டில் படுகிறதா என்று பார்ப்பதற்கு. வாட்சைத் திலகாக்காவின் கையில் திணித்தார். "என்ன ஏமாத்துனவளே பாத்துச் சொல்லட்டும்."

எல்லோரும் தேறினார்கள். கடைசியாக நான்.

ஓடியது பாதி நினைவில் இல்லை. நடுக்கோட்டில் கை தேய்ந்தது நினைவிருக்கிறது. எதிர்முனையைத் தொட்டுத் திரும்பியபோது மார்பு எரிந்தது. முனைக்கோட்டைத் தாண்டி விழுந்தேன். முட்டி சிராய்த்துச் சிமெண்ட் சுட்டது, எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் தூக்கித் திலகாக்காவைப் பார்த்தேன்.

அவள் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தார். அவள் ஒரு விநாடியைக் குறைத்துச் சொன்னால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.  கொறச்சிச் சொல்லிடு அக்கா, என்று ஒரு கணம் நானே மனதுக்குள் கெஞ்சினேன்.

"முப்பத்தி நாலு மேடம்" என்றாள்.

மேடம் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தார். ஒரு விநாடி. வேலூர் போச்சு. நான் அந்தச் சுடுகிற தரையில் அப்படியே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். சுபாஷ்ரீ தூரத்தில் நின்றாள், கிட்டே வரவில்லை. திலகாக்கா மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். வாட்சை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நீயே பாத்துக்கோடி. நான் கூட்டிச் சொல்லல."

நான் அவள் கையை மூடிவிட்டேன்.

"வாணாங்க்கா" என்றேன். "நீ சொன்னியே, போதும்."